ஜி 91 போட்டுவிட்டுப் போனவர் யார்?

(ஓசூரில் சிறுதொழில் நடத்துவோரும் ஆபரேட்டர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘ஃபங்ஷனல் ப்ரோகிராமிங்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறார்கள். ‘சிஎன்சி’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகப் பேச வேண்டியதில்லை. பின்வரிசைக்காரர்கள் பாடப்புத்தகத்தில் படித்துக் குழம்புகிற ஒரு விஷயத்தை, முன்வரிசைக்காரர்கள் தினமும் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயர் மட்டும்தான் தெரியாது.

ஒரு விஎம்சி மெஷினை எடுத்துக்கொள்வோம். ப்ரோக்ராமில் ‘எக்ஸ் 100’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு என்ன அர்த்தம்? முன்வரிசையில் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஜி 90 நடப்பில் இருந்தால், ஜாபின் பூஜ்யப் புள்ளியிலிருந்து 100 மில்லிமீட்டரில் உள்ள இடத்துக்குப் போ என்று அர்த்தம். ஜி 91 நடப்பில் இருந்தால், இப்போது நிற்கிற இடத்திலிருந்து இன்னும் 100 நகர் என்று அர்த்தம். வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் டூல் போய் நிற்கிற இடம் மாறிவிட்டது.

அதே வரியை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். ஜி 90-இல் இரண்டாம் முறை டேபிள் அசையாது. போக வேண்டிய இடத்தில்தான் ஏற்கெனவே நிற்கிறது. ஜி 91-இல் இன்னொரு 100 சேர்ந்து 200-க்குப் போய்விடும். ப்ரோக்ராம் ஓடும்போது பாதியில் கரண்ட் போகிறது, அல்லது டூல் உடைகிறது. ஜி 90-இல் எழுதிய ப்ரோக்ராம் என்றால் அந்த டூல் தொடங்குகிற இடத்திலிருந்து திரும்ப ஓட்டலாம். ஜி 91 என்றால் அதுவரை நடந்த எல்லாவற்றையும் ஒருவர் மனதில் வைத்திருந்தாக வேண்டும். அந்த ஒருவர் முந்தைய ஷிஃப்டில் வீட்டுக்குப் போயிருப்பார்.

சரி, ஜி 91-ஐ யார் எழுதுகிறார்கள்? எல்லோரும்தான். டூலை மேலே வீட்டுக்கு அனுப்ப ‘ஜி 91 ஜி 28 இசட் 0’ என்று எழுதுவது வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜி 28 நேராக வீட்டுக்குப் போகாது. நாம் சொல்கிற ஓர் இடைப்புள்ளி வழியாகத்தான் போகும். ஜி 90-இல் ‘இசட் 0’ என்றால் அந்த இடைப்புள்ளி ஜாபின் மேற்பரப்பு. டூல் முதலில் கீழே இறங்கி அதைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். நடுவில் கிளாம்ப் இருந்தால் அதோடு முடிந்தது. ஜி 91-இல் ‘இசட் 0’ என்றால் இருக்கிற இடத்திலிருந்து பூஜ்யம் தூரம், அதாவது எங்கும் இறங்காமல் நேரே மேலே. புத்திசாலித்தனமான வரிதான். அடுத்து ஜி 90 போட மறந்தால் என்ன ஆகும்? அந்த ஜி 91 மெஷினின் நினைவில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்து வருகிற ப்ரோக்ராம் ‘எக்ஸ் 100’ என்றதும் மெஷின் தன் போக்கில் 100 நகரும். நல்ல நேரமாக இருந்தால் ஓவர் டிராவல் அலாரம் அடித்து நிற்கும். இல்லாவிட்டால் வைஸில் போய் இடிக்கும்.

இடித்த ப்ரோக்ராமை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு தப்பும் இருக்காது. இதுதான் எனக்கு முக்கியம். தப்பு இன்னொரு ப்ரோக்ராமில், இன்னொரு ஷிஃப்டில் நடந்தது. ரீசெட் அடித்தால் அந்த ஜி 91 போய்விடுமா, நிற்குமா என்பதும் மெஷின் பாராமீட்டரைப் பொறுத்தது. ஆகவே ‘அந்த மெஷினில் ஓடிய ப்ரோக்ராம் இந்த மெஷினில் இடிக்கிறது’ என்று வேறு ஒருவர் புலம்புவார். அதனால்தான் அனுபவமுள்ள செட்டர்கள் ப்ரோக்ராமின் தலையிலேயே ஜி 90, ஜி 40, ஜி 49, ஜி 80 என்று ஒரு பாதுகாப்பு வரி போடுகிறார்கள். முன்னால் யார் என்ன விட்டுப்போயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று அந்த வரி சொல்கிறது.

இப்போது லேத் பக்கம் திரும்புவோம். பெரும்பாலான ஃபானக் லேத்துகளில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே எக்ஸ், இசட் என்றால் பூஜ்யத்திலிருந்து கணக்கு. யூ, டபிள்யூ என்றால் நிற்கிற இடத்திலிருந்து கணக்கு. நகர்ச்சி எந்த வகை என்பது வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. மெஷினின் மனநிலையை யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம். அந்த லேத்தில் ஜி 90 என்று அடித்தால் அது வேறு கதை, டர்னிங் சைக்கிள் ஓடும். அந்தக் குழப்பத்துக்குள் இன்று போக வேண்டாம்.

பின்வரிசைக்காரர்களே, உங்கள் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கட்டிவைப்பது ஒரு காரியம். அதைப் பைண்டிங் என்கிறார்கள், நான் பிணைப்பு என்று சொல்கிறேன். ஓர் இடத்தில் இருந்ததை அழித்து அங்கேயே புதிதாக எழுதுவது வேறொரு காரியம், அது மியூட்டேஷன். முதலாவதில் பெயரைப் பார்த்தாலே பொருள் தெரியும். இரண்டாவதில் பெயரோடு நேரமும் தெரிந்தாக வேண்டும்: அந்த இடத்தை யார் கடைசியாகத் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள்?

இது கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய விஷயம். அலான்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1930களில் லாம்டா கால்குலஸை உருவாக்கினார். அதில் எழுதி அழிக்கிற வேலையே கிடையாது. ஒரு சார்புக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால், அதற்குள் எக்ஸ் என்று வருகிற இடமெல்லாம் அந்த மதிப்பு, அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணக்கிலும் அப்படித்தானே? எக்ஸ் = 5 என்று மேலே எழுதிவிட்டு, நான்காவது வரியில் எக்ஸ் 6 ஆகிவிட்டது என்று சொன்னால் கணக்கு வாத்தியார் விடைத்தாளைத் தூக்கி எறிவார்.

பிறகு மெஷின் வந்தது. மெஷினில் நினைவகம் என்றால் எண் போட்ட அறைகள். அறையில் எழுதலாம், படிக்கலாம், அழித்து எழுதலாம். 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது. அதில் ‘என் = என் + 1’ என்று எழுத முடிந்தது. கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். அந்தச் சமக்குறி சமம் என்று சொல்லவில்லை. என் என்ற அறையில் இருப்பதை எடுத்து, ஒன்று கூட்டி, அதே அறையில் வை என்கிறது. ஆல்கால் மொழி செய்தவர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் சமக்குறிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்த்து வேறு குறியாக்கினார்கள். ஃபோர்ட்ரானைப் பெற்றெடுத்த அதே பேக்கஸ், இருபது வருஷம் கழித்து, 1977-இல் டியூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையில் இந்த அழித்தெழுதும் பழக்கத்தைத்தான் வெளுத்து வாங்கினார். தான் வளர்த்த பிள்ளையைத் தானே குறை சொன்ன உரை அது. படித்துப் பாருங்கள்.

இதற்கு நடுவில், 1967-இல் கோபன்ஹேகனில் ஒரு கோடைக்காலப் பள்ளியில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் தொடர்ந்து விரிவுரை ஆற்றினார். ஒரே பெயர் சமக்குறிக்கு இடப்பக்கம் வந்தால் அறையைக் குறிக்கிறது, வலப்பக்கம் வந்தால் அறைக்குள் இருப்பதைக் குறிக்கிறது என்று பிரித்துக் காட்டினார். இன்றைக்கு சி மொழி கம்பைலர் ‘எல்-வேல்யூ’ என்று திட்டுகிறதே, அந்தச் சொல்லைப் பரப்பியது அவர் வேலை. இவ்வளவு முக்கியமான விரிவுரைக் குறிப்பு ஒழுங்காக அச்சேறியது 2000-இல்தான். அதுவரை பிரதி எடுத்துப் பிரதி எடுத்தே உலகம் சுற்றியது.

இனி ஒரு நிரல். எழுத்தைத் தமிழில் மாற்றியிருக்கிறேன். மொழி ஓகேமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜாப் ஒர்க் செய்கிறீர்கள். ஒரு பீஸுக்கு 40 ரூபாய் ரேட்.

லெட் ரேட் = 40
லெட் கூலி எண்ணிக்கை = எண்ணிக்கை × ரேட்
லெட் ரேட் = 45
கூலி 10

கடைசி வரிக்கு விடை என்ன? 450 என்று பாதிப்பேர் சொல்கிறீர்கள். ஓகேமலில் 400. கூலி என்ற சார்பை எழுதியபோது ரேட் என்ற பெயர் 40-உடன் பிணைந்திருந்தது. மூன்றாவது வரி அந்தப் பழைய ரேட்டைத் தொடவே இல்லை. அதே பெயரில் புதிதாக ஒரு பிணைப்பைச் செய்தது. இனிமேல் எழுதுகிற வரிகளுக்கு ரேட் 45. முன்பே எழுதி முடித்ததற்கு 40-தான். இதையே பைத்தானில் எழுதினால் 450 வரும். அங்கே ரேட் என்பது ஓர் அறை. கூலி ஒவ்வொரு முறையும் அந்த அறையை எட்டிப் பார்க்கிறது. நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள்.

எது சரி என்று கேட்காதீர்கள். உங்கள் ஆபீஸில் பர்ச்சேஸ் ஆர்டருக்கு அமெண்ட்மெண்ட் வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் 40 ரூபாய்க்கு ஆர்டர். பதினைந்தாம் தேதியிலிருந்து 45 என்று அமெண்ட்மெண்ட் நம்பர் 1. பத்தாம் தேதி போட்ட பில்லை யாராவது 45 ஆக்குவார்களா? ஆக்கினால் வாங்குகிறவரின் அக்கவுண்ட்ஸில் பில் நிற்கும். ரேட்டை ஒரே அறையில் வைத்து அழித்தெழுதுகிற சாஃப்ட்வேரில், பழைய பில்லைத் திரும்ப பிரிண்ட் எடுத்தால் புது ரேட்டில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட பில்லிங் சாஃப்ட்வேரை இந்த ஊரில் பலர் பார்த்திருக்கிறீர்கள், சிரிப்பிலேயே தெரிகிறது.

எர்லாங் என்று இன்னொரு மொழி. எரிக்சன் கம்பெனிக்காரர்கள் 1980களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகச் செய்தது. அது இன்னும் கறார். ‘இருப்பு = 500’ என்று ஒரு முறை பிணைத்துவிட்டால், அடுத்து ‘இருப்பு = இருப்பு − 40’ என்று எழுத விடாது. வலப்பக்கம் 460, இடப்பக்கம் 500, இரண்டும் பொருந்தவில்லை என்று பிழை காட்டும். கணக்கு வாத்தியாரின் மொழி.

சி மொழிக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நீங்கள் எழுதுகிற சி நிரலை ஜிசிசி, எல்எல்விஎம் போன்ற கம்பைலர்கள் உள்ளே வாங்கியதும் செய்கிற வேலைகளில் ஒன்று, நீங்கள் அழித்தெழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் புதுப்பெயர் கொடுப்பது: எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3. 1980களில் ஐபிஎம் ஆய்வாளர்கள் வகுத்துக்கொடுத்த முறை அது. ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு என்று இருந்தால்தான் கம்பைலருக்கே நிரல் புரிகிறது, அதைச் சுருக்கி வேகமாக்க முடிகிறது.

லூப்பில் இந்தக் குழப்பம் எப்படித் தலைகாட்டும் என்று பாருங்கள். 0, 1, 2 என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னச் சார்பு செய்து, ‘பிறகு கூப்பிடும்போது உன் எண்ணைச் சொல்’ என்று எடுத்துவைக்கிறோம். பிறகு மூன்றையும் கூப்பிட்டால் கோ மொழியில் பல காலம் 3, 3, 3 என்றுதான் வந்தது. மூன்று சார்பும் ஒரே அறையைக் கையில் பிடித்திருந்தன. லூப் முடிந்தபோது அந்த அறையில் இருந்தது 3. எத்தனையோ பேர் இதில் தடுக்கி விழுந்த பிறகு, 2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22-இல் விதியையே மாற்றினார்கள். இப்போது சுற்றுக்குச் சுற்று புதுப் பிணைப்பு, 0, 1, 2 என்று வருகிறது. சி ஷார்ப் மொழியில் மைக்ரோசாஃப்ட் இதே திருத்தத்தை ஃபார்ஈச் லூப்புக்கு 2012-இலேயே செய்தது. வெளியாகி உலகம் முழுக்க ஓடுகிற மொழியின் அடிப்படை விதியை மாற்ற யாருக்கும் மனம் வராது. மாற்றினார்கள் என்றால் தொல்லை அவ்வளவு.

பெயரைப் பூட்டிவிட்டால் போதுமா? போதாது. ஜாவாஸ்கிரிப்டில் ‘கான்ஸ்ட்’ என்று போட்டு ஒரு பட்டியலுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயர் வேறு பட்டியலுக்குத் தாவாது. ஆனால் பட்டியலுக்குள் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம். ஜாவாவின் ‘ஃபைனல்’ கதையும் அதுவே. நேர்முகத் தேர்வில் பிள்ளைகளைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ‘கான்ஸ்ட் என்றால் மாறாதது’ என்கிறார்கள். கதவின் பெயர்ப்பலகையை ஆணி அடித்திருக்கிறோமே தவிர, அறைக்குள் யார் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

முன்வரிசைக்கு இது ஆஃப்செட் பேஜ். ஐந்தாம் நம்பர் டூலுக்கு எச் 05 என்று ப்ரோக்ராமில் எழுதியிருக்கிறது. எழுத்து மாறாது. ஆனால் எச் 05-க்குள் இருக்கிற எண்ணை ஆபரேட்டர் மாற்றிக்கொண்டே இருப்பார். மாற்றத்தான் வேண்டும், டூல் தேய்கிறதே. அளவு 0.02 கூடுகிறது, திருத்துகிறார். அதே எச் 05-ஐ இன்னொரு ஜாபின் ப்ரோக்ராமும் படிக்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றாது. ஓர் அறை, இரண்டு ப்ரோக்ராம். ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியாது. பைத்தானில் ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு, ஒன்றில் சேர்த்தது இன்னொன்றில் எப்படி வந்தது என்று விழிக்கிறார்களே, அதே விஷயம்.

அந்த ஆஃப்செட் ஸ்கிரீனில் இரண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ‘இன்புட்’ என்றால் இருப்பதை அழித்துப் புது எண்ணை வைக்கும். ‘பிளஸ் இன்புட்’ என்றால் இருப்பதோடு கூட்டும். 0.02 கூட்டப் போனவர் ‘இன்புட்’டை அழுத்தினால், அங்கே இருந்த 150 மில்லிமீட்டர் டூல் நீளம் 0.02 ஆகிவிடும். அடுத்த சைக்கிள் ஸ்டார்ட்டில் டூல் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘பிளஸ் இன்புட்’டைச் சந்தேகத்தில் இரண்டு முறை அழுத்தினால் 0.04. பழைய எண் என்னவாக இருந்தது? அது அழிந்துவிட்டது, மெஷின் பக்கத்தில் யாராவது நோட்டில் எழுதி வைத்திருந்தால் உண்டு.

மேக்ரோ எழுதுகிறவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஃபானக் மேக்ரோவில் இரண்டு ஜாதி வேரியபிள் இருக்கிறது. #1 முதல் #33 வரை லோக்கல். #100, #500 வரிசைகள் பொது. #500 வரிசை கரண்ட் போனாலும் அழியாது. வட்டத்தில் ஆறு துளை போட ஒரு மேக்ரோ வைத்திருக்கிறீர்கள். ‘ஜி 65 பி 9010 ஏ 6 சி 40’ என்று கூப்பிடுகிறீர்கள். உள்ளே #1 என்றால் 6, #3 என்றால் 40. கூப்பிட்டவரிடம் ஏற்கெனவே ஒரு #1 இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. மேக்ரோ முடிந்ததும் தன் #1-ஐத் தூக்கிப்போட்டுவிடும். திரும்பி வந்தால் பழைய #1 பழையபடியே இருக்கும். சர்ச் எழுதிய பிணைப்பு, பச்சை ஸ்கிரீனில் ஓடுகிறது. ஜி 65-க்குப் பதில் எம் 98 போட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்: லோக்கல் அறைகள் தனியாகக் கிடைக்காது, உள்ளே #1-ஐ மாற்றினால் கூப்பிட்டவருடைய #1 போய்விடும். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் தெரியாமல் மூன்று நாள் மண்டையைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு.

நல்ல மேக்ரோ எழுதுகிறவர் இன்னொன்றும் செய்வார். நுழைந்ததும் ‘#10 = #4003’ என்று ஒரு வரி. #4003 என்பது இப்போது நடப்பில் இருப்பது 90-ஆ 91-ஆ என்று சொல்லும் சிஸ்டம் வேரியபிள். வேலை முடிந்து வெளியேறும் முன் ‘ஜி #10’. வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப்போகிறார். ஃபங்ஷனல் மொழிகளில் இந்த இரண்டு வரிக்கு வேலையே இருக்காது, கலைத்தால்தானே அடுக்க வேண்டும். நம் மெஷினில் கலைக்காமல் வேலை நடக்காது, ஆகவே அடுக்கிவிட்டுப் போவதுதான் மரியாதை.

பேனல் பார்க்கிற எலக்ட்ரிஷியன்களையும் விட்டுவிட மனமில்லை. பிஎல்சி லேடரில் ஒரே அவுட்புட் காயிலை இரண்டு ரங்கில் எழுதாதே என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். எழுதினால் கடைசி ரங்க் சொன்னதுதான் நிற்கும். மேலே உள்ள ரங்க் எரிவதாக மானிட்டரில் தெரியும், மோட்டார் ஓடாது. பல பிஎல்சி சாஃப்ட்வேர்கள் ‘டபுள் காயில்’ என்று எச்சரிக்கும். இன்புட் பக்கமும் கவனியுங்கள்: ஸ்கேன் தொடங்கும்போது எல்லா சென்சாரையும் ஒரு முறை படித்து நகல் எடுத்துக்கொள்கிறது, அந்த ஸ்கேன் முடியும் வரை லேடர் பார்ப்பது அந்த நகலைத்தான். அப்படி நகல் எடுக்காமல், முதல் ரங்கில் அணைந்திருந்த சென்சார் முப்பதாவது ரங்கில் எரிவதாகத் தெரிந்தால் லாஜிக் என்ன ஆகும்?

இவ்வளவு சொன்னதால் நான் அழித்தெழுதுவதற்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ஃபங்ஷனல் மொழிக்காரர்களில் சிலர் மியூட்டேஷனைத் தீட்டு மாதிரி பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்பை வெட்டினால் வெட்டினதுதான்; அந்த ஜாபுக்குப் பழைய பிணைப்பு என்று ஒன்று கிடையாது. உலகம் மாறுகிறது, மெஷின் மாறுகிறது, ஸ்டாக் மாறுகிறது. மாற்றம் எழுத்தில் தெரிகிறதா, எத்தனை இடத்தில் நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. ராபின் மில்னரின் எம்எல் மொழி 1970களில் இருந்து இதை எளிமையாகத் தீர்த்து வைத்திருக்கிறது. ஓகேமல் அதன் வழிவந்தது. மாறுகிற அறை வேண்டுமா, ‘ரெஃப்’ என்று சொல்லிக் கேள். அதைப் படிக்க ஓர் ஆச்சரியக்குறி, அதில் எழுத ஒரு தனிக்குறி. குறி இல்லாத பெயர் எதுவும் மாறாது. லேத்தின் யூ, டபிள்யூ-வைப் போல, வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

‘அழிக்காமல் புதிது புதிதாகச் செய்துகொண்டே போனால் மெமரி தாங்குமா?’ என்று ஒருவர் முன்பே சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். முழுசாக நகல் எடுப்பதில்லை. பத்து லட்சம் பொருள் உள்ள சமநிலை மரத்தில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால், வேரிலிருந்து அந்த இலை வரை உள்ள சுமார் 20 கணுக்களை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். மற்றதைப் பழைய மரமும் புது மரமும் பங்குபோட்டுக்கொள்ளும். பங்குபோட முடிவதற்குக் காரணமே இரண்டு பேரும் அதை மாற்றமாட்டார்கள் என்ற உறுதிதான். 2007-இல் வந்த குளோஜர் மொழி கணுவுக்கு 32 கிளை வைத்து, பத்து லட்சத்தை நான்கே படியில் அடக்கிவிடுகிறது. இருந்தாலும் ஒரு பெரிய மேட்ரிக்ஸைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிற வேலைக்கும், சில கிலோபைட் மெமரி உள்ள கண்ட்ரோலருக்கும் அழித்தெழுதுவதே ஏற்றது.

எது மாறலாம், எது மாறக்கூடாது என்று பிரித்துவைக்க வேண்டும் என்பது கவர்ன்மெண்டுக்கும் தெரிந்திருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து, அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்குப் போகிற லாரி விற்பனை வரிச் செக்போஸ்டில் காத்திருப்பது ஒழிந்தது. பிறகு இ-வே பில் வந்தது. ஜாப் ஒர்க்குக்காக ஓசூரிலிருந்து கர்நாடகப் பக்கம் சரக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் போட வேண்டும் என்பது டெஸ்பாட்ச் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அதில் பார்ட் ஏ, சரக்கு விவரம். போட்டுவிட்டால் திருத்த முடியாது. தப்பென்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிது போட வேண்டும். பார்ட் பி, வண்டி எண். வழியில் வண்டி பிரேக்டவுன் ஆனால் மாற்றிக்கொள்ளலாம். மாறக்கூடாததையும் மாறவேண்டியதையும் ஒரே படிவத்தில் கோடு போட்டுப் பிரித்தவர் யாரோ, அவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரிலும் 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியக்கூடாது என்பது சட்டம். திருத்து, ஆனால் பழையதை அழிக்காதே.

பிள்ளைகளுக்கு ஒரு தகவல். இதெல்லாம் எங்கேயோ ஐரோப்பாவில் நடக்கிற ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் ப்ரோகிராமிங்கை ஹாஸ்கெலில் தொடங்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே உள்ள மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொன்று: ஓகேமல் மொழி வெகுகாலம் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடியது. 2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5.0 அதைப் பல கோர்களில் ஓட வைத்தது. கேம்பிரிட்ஜில் தொடங்கிச் சென்னை ஐஐடியிலும் தொடர்ந்த அந்த வேலையில் முன்னின்றவர் கே.சி. சிவராமகிருஷ்ணன். இரண்டு கோர் ஒரே மாறாத மதிப்பைப் படித்தால் பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம். ஒரே அறையில் இருவர் எழுதினால்தான் தகராறு. அந்தத் தகராறு சி++ மொழியில் நடந்தால், அதற்குப் பிறகு நிரல் என்ன செய்தாலும் பொறுப்பில்லை என்று மொழியின் விதியே கைகழுவிவிடும். ஓகேமல் 5-இல் தகராறு நடந்த அறையோடும் நடந்த நேரத்தோடும் சேதத்தைக் கட்டுக்குள் வைக்க அவரும் கூட்டாளிகளும் வழி கண்டார்கள். 2018-இல் வந்த அவர்களுடைய கட்டுரையின் மையமே அதுதான்.

கடைசியாக, முன்வரிசையிலிருந்து வந்த கேள்வி. ‘எத்தனை ஜாப் முடிந்தது என்று எண்ணியே ஆக வேண்டும் சார், அதற்கு #500-ஐ மாற்றாமல் எப்படி?’ மாற்றுங்கள். ‘#500 = #500 + 1’ என்ற வரி ஒரே இடத்தில், மெயின் ப்ரோக்ராமில் எம் 30-க்கு மேலே இருக்கட்டும். மேக்ரோக்கள் அதைப் படிக்கலாம், எழுதக்கூடாது. டூல் லைஃபுக்காக எண்ணுகிறீர்கள் என்றால், டூல் மாற்றும்போது பூஜ்யமாக்குவது செட்டர் வேலை. எந்த எண் எதற்கு என்று கண்ட்ரோல் பேனல் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். டூல் லைஃப் பார்க்க வேண்டாம், வெறும் எண்ணிக்கை போதும் என்றால் அந்த வரியும் வேண்டாம். முடிந்த ஜாப்களை மெஷினே எண்ணி #3901-இல் வைத்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.